மானதம் என்னும் கண்மூடித்தனம்

அரியும் அரனும் ஓருருவாய் நின்ற பெருமானே, ஒற்றைக் காலில் தவமிருந்த கோமதித் தாயே, என் எழுத்தில் பொய் புகாமல் காத்தருள்க. ஆடித் திங்களில் முழுநிலவும் உத்திராடமும் கூடிய தபசுத் திருநாளாகிய இன்று இதை எழுதுகிறேன்.

எங்கள் பதிகக் குழு வெள்ளிதோறும் மாலையில் கோயில் பிரகாரத்தில் கூடும். மூத்தவன் என்பதால் முதலடி எடுத்துக் கொடுக்கும் இடம் எனக்கு வாய்த்திருந்தது. சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். வாய்விட்டு ஓதுவது கடைத்தரம், முணுமுணுப்பது இடைத்தரம், மனத்துள் ஓதும் மானதமே தலையாயது என எங்கோ படித்திருந்தார். படித்ததைப் பிறர் தலையில் கட்டாமல் அவருக்கு உறக்கம் வராது.

"இனிமே மானதம்தான். முடிச்சதும் அண்ணாச்சி கையைத் தூக்கட்டும்" என்று என்னைக் காட்டி விதித்தார்.

கண்களை மூடினேன். உள்ளே ஒன்றும் ஒலிக்கவில்லை. அன்று மட்டுமன்று, என்றுமே ஒலித்ததில்லை. நா அசைந்தால் பதிகம் மடை திறந்து வரும். நாவை அடக்கினால் வறண்ட கண்மாய்தான். மனத்துக்குள் குரல் கேட்கும் என்று பிறர் சொல்வதை அதுவரை வெறும் பேச்சு வழக்கென்றே எண்ணியிருந்தேன். இப்போது கையைத் தூக்கினால் பொய்; தூக்காவிட்டால் முதலடி எடுக்கும் இடம் போய்விடும்.

என்னருகே இருந்த விசைத்தறிக்காரரின் உதடு அசைந்தது.

"வே, வாயை மூடும். மனசுல சொல்லும்" என்று அதட்டினார் அதிகாரி. கண்மூடி மானதத்தில் மூழ்கியிருந்தவருக்கு அடுத்தவர் உதடு எப்படித் தெரிந்ததோ.

"மனசுல எங்கன சொல்ல, சார்வாள்? தறிச் சத்தத்துல வாய்விட்டுச் சொன்னாத்தான் எனக்கே கேக்கும்."

"எனக்கும் உள்ள ஒண்ணும் கேக்காது. எந்தக் காலத்துலயும் கேட்டதில்ல" என்றேன் நான்.

"அறுபது வருசமா ஓதுதீங்க, உள்ள காலி டப்பாவா அண்ணாச்சி?" என்றார் அதிகாரி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஆமா. உமக்குத்தான் நிறைஞ்சு கிடக்கே. நாலாம் பாட்டை எடுத்துக் குடும்."

அவர் தொண்டையைச் செருமினார். விதானத்தைப் பார்த்தார். "உள்ள ஓடுது. வாயில வரமாட்டேங்கு."

"ஓடட்டும் சார்வாள். புடிச்சதும் சொல்லுங்க" என்றார் தறிக்காரர்.

ஆயினும் அடுத்த வெள்ளியே என் இடம் அதிகாரிக்குப் போயிற்று. ஒலியாத பதிகத்துக்கு முதலடி எடுக்க யாரால்தான் ஆகாது? பத்துப் பேர் கால்மணி நேரம் கண்மூடி அமர்கிறார்கள். அவருள் இருவர் விடும் குறட்டை மானதத்தினும் உயர்ந்த நான்காம் தரம் போலும். தறிக்காரரும் நானும் பிரகாரத்தின் மறுகோடியில் வாய்விட்டு ஓதுகிறோம். நான் பிழைவிட்டால் அவர் திருத்துகிறார், அவர் பிழைவிட்டால் நான். மானதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

உள்ளே குரல் உடையவரோ இல்லாதவரோ, இதை வாசிப்போர் அனைவரும் அம்மை அருளால் நோயின்றி, குறையின்றி, நெடிது வாழ்க.