நாலு விரல் தெற்கே

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கிழக்குப் பார்த்து ஒரு சுவர் இருக்கிறது. ராயபுரத்திலேயே அவ்வளவு அடாவடியான நிறத்தில் இன்னொரு சுவர் கிடையாது. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளுக்குப் புது வர்ணம் அடிப்பார்கள். டப்பாவில் மிஞ்சியதை என் வீட்டுக்காரர் கொண்டுவருவார். அதை நான் அந்தச் சுவரில் அடிப்பேன். ஒரு வருஷம் நீலம், ஒரு வருஷம் கிளிப்பச்சை. பத்துப் பன்னிரண்டு நாள் கடலில் கிடந்துவிட்டுப் படகை ஓட்டி வருகிறவர், தூரத்திலேயே அதைப் பார்த்து, அதோ என் வீடு என்று நினைக்க வேண்டும். அதற்காகத்தான். முதல் வருஷம் அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். தெரிகிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

தடைக்காலம் இரண்டு மாதமும் அவர் வீட்டில் இருக்கிறார் என்று பேர். வலை, இஞ்சின், பலகை என்று காசிமேட்டுத் துறைமுகத்திலேயே கிடப்பார். ஊர் உலகமெல்லாம் குளிர்காலத்தில் சுற்றுலா போகும். எங்களுக்கு வாய்த்தது அக்னி நட்சத்திரம். இருபது வருஷம் நச்சரித்த பிறகு ஒரு மே மாதம் நான்கு நாள் தந்தார். எங்கே என்று கேட்டேன். கோட்டை கட்டின ஊர்களுக்குப் போகலாம், வருஷக்கணக்காக வெளியே கடலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன், உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை என்றார். கடலை விட்டுக் கூட்டிப் போங்கள் என்றால் கடற்கரைக்கே கூட்டிப் போகிற மனுஷனை என்ன செய்வது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதலில் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் கட்டிய செங்கல் மதிலுக்குள் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு ஆடுகளும்தான் இருந்தோம். அவை நிழலை விடுவதாக இல்லை. இந்த மதில் கடலிலிருந்து தெரியாது, கல்பாக்கம் அணுமின் நிலையத்து உருண்டைக் கூரைதான் தெரியும் என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். கடலிலிருந்து தெரியாத ஊர் அவருக்குப் பாதி ஊர்தான்.

பாண்டிச்சேரியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் தரங்கம்பாடி போனோம். அங்கே ஊருக்கே வாசல் வைத்திருக்கிறார்கள். வாசலைத் தாண்டியதும் தான் பிறந்த ஊர் மாதிரி முன்னால் நடந்தார். கோட்டை இடது பக்கம் என்றார். அந்த வெயிலில் ஒரு சந்து முழுக்க நடந்தோம், கோட்டையைக் காணோம். திண்ணையில்லாத ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டால், வலது பக்கம் என்றார்கள். அவர் கடலிலிருந்தே பார்த்துப் பழகியவர், அவருக்கு எல்லா ஊரும் இடம் வலம் மாறித்தான் இருக்கும். நான் சிரித்த சிரிப்பில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை வருஷத்தில் நாங்கள் தெருவில் நின்று சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

கோட்டை மதில்மேல் ஏறியதும் ஆள் மாறிப்போனார். கடலைக் காட்டி, அதோ அங்கே நின்றால் இந்த மதில் பளிச்சென்று தெரியும், இதை வைத்துத்தான் இருக்கிற இடத்தைக் கணக்குப் பண்ணுவோம் என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு வயிறு எரிந்தது. எவனோ கப்பலேறி வந்து கட்டிய சுவர் தெரிகிறதாம்.

"நம்ம வூட்டு செவுரு?" என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லிப் பழகாதவர். கைப்பிடிக் கல்லைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அது தெரியாதுமே. முன்னால ஹார்பர்காரன் கண்டெய்னரா அடுக்கி வெச்சிகீறான். வூடு எங்க தெரியும்."

நான் இறங்கிப் போய் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். கைப் பெயிண்டை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்த வருஷங்களை எண்ணினேன். அசிங்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அவர் பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ பிரஷ்ஷும் கையுமாக அந்த முகத்தோடு நிற்கும்போது எப்படிச் சொல்வது என்றார். பிறகு வலது கையை முன்னால் நீட்டி, விரல்களைச் சேர்த்து வைத்தார்.

"எண்ணூர் பொகக்கூண்டு தெரியும். அதுலேந்து தெக்கால வெரல் வெச்சி எண்ணுவேன். தூரத்துல ஒரு வெரல்தான். கிட்ட வர வர ரெண்டு, மூணு. நாலு வெரல் ஆச்சின்னா வந்துட்டேன்னு அர்த்தம். அங்கதான் நீ கீற."

நான் அவர் கையை இறக்க விடவில்லை.

பழவேற்காட்டுக் கோட்டை பக்கத்தில்தானே இருக்கிறது என்று அடுத்த வருஷத்துக்கு விட்டோம். ஊர் திரும்பியதும் சுவருக்கு அவரே ஆரஞ்சு அடித்தார். யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டதற்கு, அடிக்காவிட்டால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும் என்றார்.

அவர் போய் மூன்று வருஷமாகிறது. கடலில் இல்லை. மஞ்சள் காமாலை முற்றி, வீட்டுக் கட்டிலில்தான். கடலுக்குப் போனவருக்காகக் காத்திருக்க எனக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் அதைத்தானே செய்தேன். வராதவருக்காகக் காத்திருக்கத்தான் தெரியவில்லை. தடைக்காலம் வந்தால் இன்னும் மோசம். அவர் வீட்டில் இருக்க வேண்டிய மாதங்கள் அவை.

இந்த மே மாதம் தனியாகத் தரங்கம்பாடி போனேன். ஊர் வாசலைத் தாண்டியதும் கால் தானாக இடது பக்கம் திரும்பியது. அந்தச் சந்தை முழுக்க நடந்து முடித்துவிட்டுத்தான் கோட்டைக்குப் போனேன். மதில்மேல் யாருமில்லை. கடலைப் பார்த்துக் கையை நீட்டி, விரல்களைச் சேர்த்து வைத்தேன். எதிலிருந்து எண்ணுவது என்று தெரியவில்லை.