பாட்டின் நடுவே வந்த பட்டுச்சேலை

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா இறந்த அன்று, நீங்கள் ராஜபாளையத்திலிருந்து வந்து சேருமுன் நடந்தது இது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில், அண்ணன் தலைமாட்டில் பக்திப் பாட்டு போடச் சொன்னார்கள். என் போனை ஸ்பீக்கரில் இணைத்து வைத்தேன். பாதிப் பாட்டில் கல்யாணப் பட்டுச்சேலை விளம்பரம் அலறியது. பதறிப்போய்ப் போன் திரையைத் தொட்டேன். சேலைக் கடையின் இணையப் பக்கம் திறந்துகொண்டதே தவிர, சத்தம் நிற்கவில்லை.

"ஏலே, எழவு வீட்லயுமா யாவாரம்?" என்றார் ஒரு பெரியவர்.

உங்கள் பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பாட்டே வேண்டாம் தம்பி, அமத்திருங்க."

அண்ணன் பாட்டில்லாமலே போனார்.

பெரியவளே, விளம்பரம் வராமல் செய்து தரட்டுமா என்று நீ முன்பே கேட்டாய். "கம்பெனிக்காரன் வச்சத நாம தொடப்படாது தாயி" என்றேன். போன் என்னுடையது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

காரியம் முடிந்து ஊர் திரும்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்து, விளம்பரத்தைத் தடுக்கும் பிரவுசரைத் தேடிப் போட்டேன். அதில் அந்தப் பாட்டை வைத்தேன். இடையில் எதுவும் வரவில்லை. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, அது முடியும்வரை கேட்டேன்.