மிலேனாவின் மட்டையும் என் தலையில் விழுந்த பழியும்

டென்னிஸ் மட்டைக்கு நரம்பு போடும் வேலைக்கு எங்கள் வட்டாரத்தில் 'கட்டிங்' என்று பெயர். இந்தப் பெயரை வைத்தவர் யாரென்று தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். தஞ்சாவூரில் ஸ்போர்ட்ஸ் கடை திறந்த புதிதில் 'இங்கே கட்டிங் போடப்படும்' என்று வாசலில் எழுதி வைத்தேன். முதலில் வந்தவர் தலையைத் தடவிக்கொண்டு வந்தார். அடுத்தவர் கையில் டம்ளரோடு வந்தார். தையல்கடை, மெக்கானிக் கடை வைத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். வேலை நன்றாக அமைந்தால் பெயர் வாடிக்கையாளருக்கு. கெட்டுப்போனால் பழி நமக்கு. ஆனால் வேலை நன்றாக அமைந்தும் பழி வந்த கதை ஒன்று என்னிடம் இருக்கிறது.

டிரா

எங்கள் ஊரில் பெண்களுக்கான சர்வதேச டென்னிஸ் போட்டி நடந்தது. மட்டைகளுக்கு நரம்பு போட என்னைக் கூப்பிட்டார்கள். மைதானத்துக்குள்ளேயே ஒரு தார்ப்பாய்ப் பந்தல், என் மெஷின், ஒரு ஸ்டூல். யாருக்கு யார் எதிராளி என்று குலுக்கிப் போட்டு எழுதுவதற்கு டென்னிஸில் 'டிரா' என்று பெயர். மகளிர் ஒற்றையர் டிராவை வாசலில் ஒட்டியிருந்தார்கள்.

எதிரே டீக்கடை வைத்திருக்கும் கலியமூர்த்தி அதைப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் ஓடி வந்தார்.

"என்ன பாய், நாளைக்குத்தானே மேட்சு? அதுக்குள்ள டிரா ஆயிடுச்சுன்னு ஒட்டியிருக்காங்க!"

சீடு

உள்ளூர்க்காரி என்று ஒரே ஒரு பெண் இருந்தாள். ஒரத்தநாட்டுப் பக்கத்துத் தேன்மொழி. என் கடையில் வாங்கிய மட்டையில்தான் ஆடப் பழகினாள். தகுதிச் சுற்று ஆடாமலே 'வைல்டு கார்டு' என்று நேராக உள்ளே விட்டிருந்தார்கள். குலுக்கலில் வந்து வாய்த்த எதிராளியோ செர்பியாவிலிருந்து வந்த மிலேனா, போட்டியின் முதல் 'சீடு', அதாவது தரவரிசையில் முதலிடம்.

தேன்மொழியின் அப்பா தங்கராசு விவசாயி. நடவு வயலிலிருந்து நேராக வந்திருந்தார். காலில் சேறு காய்ந்திருந்தது. 'சீடு' என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு சீடுன்னா நம்ம புள்ள என்ன ரகம் பாய்?"

"தேன்மொழி சீடு இல்லங்க. வைல்டு கார்டு."

காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

"வெதைக்காம தானா மொளைச்சதுங்கிறீங்க. பரவால்ல, அதுதான் பாய் வறட்சியத் தாங்கும்."

டென்ஷன்

நரம்பை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்குத் தொழில் வார்த்தை 'டென்ஷன்'. ஆட்டக்காரிகள் ஆளுக்கொரு அளவு சொல்வார்கள். முதல் சுற்றுக்கு முந்தின நாள் தேன்மொழி பயிற்சிக்குப் போய்விட்டாள். மட்டைகளைத் தங்கராசுதான் கொண்டு வந்தார். நானும் தொழில் முறைப்படியே கேட்டேன்.

"தேன்மொழிக்கு டென்ஷன் எவ்வளவுங்க?"

"அவளுக்கு என்ன பாய், நல்லா தின்னுட்டு நல்லா தூங்குறா. டென்ஷனெல்லாம் எனக்கும் அவங்கம்மாவுக்கும்தான்."

ஒரு யோசனை

அன்று சாயங்காலம் மிலேனா தன் மட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் கலியமூர்த்தி, கேட்காமலே ஒரு டீயோடு பந்தலுக்குள் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்த மட்டைகளில் நரம்பைச் சற்றுத் தளர்த்திக் கட்டினால் என்ன என்று கேட்டார். வெளியே தெரிந்தால் அப்புறம் எந்தப் போட்டிக்கும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அது கிடக்கட்டும், நாளைக்கு நானே என் மெஷினை எப்படித் தொடுவேன்? அவர் கண்முன்னாலேயே மிலேனா சொன்ன அளவுக்கு இம்மி குறையாமல் இழுத்துக் கட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் காலி டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"சும்மா இறுக்குற மாதிரி பாவ்லா காட்டுறீங்க பாரு பாய், அதான் தொழில்காரன்!"

மழை

முதல் செட் மிலேனாவுக்கு. இரண்டாவது தேன்மொழிக்கு. மூன்றாவதில் நம் பெண் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, அதுவரை எட்டிப்பார்க்காத ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. ஆட்டத்தை மறுநாளுக்குத் தள்ளிவிட்டார்கள். கூட்டம் மொத்தமும் வானத்தைத் திட்டியது. என் பந்தலுக்குள் ஒதுங்கிய தங்கராசு மட்டும் திட்டவில்லை. முகத்தில் சிரிப்பு வரும், உடனே குற்றம் செய்தவர் மாதிரி அதைத் துண்டால் துடைத்துக்கொள்வார். என்னவென்று கேட்டேன்.

"கடைமடைக்குத் தண்ணி வரல பாய். மழை வேணும்னு மாரியம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன். எந்த எடத்துலன்னு சொல்ல விட்டுப்போச்சு."

வெற்றி

மறுநாள் காலை மிலேனாவுக்கு சர்வீஸே விழவில்லை. தேன்மொழி எந்தப் பந்தையும் விடாமல் ஓடி ஓடி எடுத்து ஜெயித்துவிட்டாள். தங்கராசு துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். பந்தலை விட்டு வெளியே வந்தால், ஆட்டோ ஸ்டாண்டில் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். கலியமூர்த்தி கண்ணடிக்கிறார். "நான் ஒண்ணும் பண்ணலங்க" என்று சொல்லச் சொல்ல, குலுக்கல் பலமாகிறது.

நான் மட்டையைத் தளர்த்திவிட்டேன் என்ற பேச்சு, டென்னிஸ் நடுவர் மேடம் வரை போய்விட்டது. கூப்பிட்டு அனுப்பினார். போனேன். மிலேனாவையும் வரவழைத்து அவள் மட்டையைக் காட்டி, நரம்பு தளர்ந்திருந்ததா என்று கேட்டார். அவள் மட்டையை வாங்கி உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள். டங் டங் என்று கோயில் மணி மாதிரி கேட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"யுவர் ஸ்ட்ரிங்ஸ் வெரி குட். ஐ ப்ளே வெரி பேட்."

இரண்டாம் சுற்று

அடுத்த ஆட்டத்தில் தேன்மொழியை ஒரு புனே பெண் டீ ஆறுவதற்குள் தோற்கடித்துவிட்டாள். கலியமூர்த்தி என்னிடம் முகம் கொடுக்கவில்லை. "அந்த மட்டையத் தளத்துனீங்க, சரி. நம்ம புள்ள மட்டையவாவது ஒழுங்கா கட்டியிருக்கலாம்ல?" என்று டீ பாய்லரைப் பார்த்துச் சொன்னார். நான் பந்தலுக்குத் திரும்பினேன். தேன்மொழி அங்கே என் ஸ்டூலில் உட்கார்ந்து, மட்டையின் நரம்புகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க மேல பழியப் போடலாம்னு பார்த்தேன் அங்கிள், ஒண்ணுகூட அறுந்து தொலைய மாட்டேங்குது!"

ஆக, நான் யோக்கியன் என்பதற்கு இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே சாட்சி, தோற்றுப்போய் செர்பியாவுக்கு விமானம் ஏறிவிட்டாள்.