தினமும் வந்த பிள்ளை

அன்றைக்கு இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரச் சாமி. அவரைக் கூட்டி வந்த எங்கள் பங்குச் சாமி. ஜீப் டிரைவர். பெரிய வாத்தியார். டீச்சர். சத்துணவு சமைக்கிற நான். பிள்ளைகள் நாற்பத்தோரு பேர். நாற்பத்தோராவது என் மகள்.

மற்ற நாளில் முப்பத்தாறு பேர்தான் இருப்பார்கள்.

கூமாப்பட்டி போகிற பாதையில், மலை அடிவாரத்தில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். சேசு சபைச் சாமியார்கள் கட்டியது. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, பின்னால் என் சமையல் கொட்டகை. ஊரில் வேதக்காரர் வீடு நாலுதான். நாங்கள் வேதக்காரர் இல்லை. சாமியார்கள் அதைக் கேட்டதும் இல்லை. நான் அஞ்சு வரை படித்தவள். அதனால் அரிசி அளக்கிற வேலையை நம்பிக் கொடுத்தார்கள். தலைக்கு நூறு கிராம்.

மகள் மூன்றாவது முடித்த சித்திரையில் என் வீட்டுக்காரர் புளி உலுக்க ஏறி, கிளை முறிந்து விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. கூடும் என்றார்கள், ஒரு வருஷம் ஆகும் என்றார்கள். இராஜபாளையத்தில் என் தங்கச்சி, பேண்டேஜ் துணி நெய்கிற தறிக் கம்பெனியில் இருந்தாள். துணியை உருட்டிக் கட்டச் சின்ன விரல் வேண்டும் என்றாள். ஒரு வருஷம் என்றுதான் அனுப்பினேன்.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தது. பெரிய வாத்தியார் கொட்டகைக்கு வந்தார்.

"புள்ள எங்கம்மா?"

சொன்னேன்.

அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளைக் கை நீட்டி அடித்தது கிடையாது. மலைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"இவளோட சேத்து அஞ்சு பேரு போயிட்டாவ. நாப்பதுக்குக் கீழ போனா டீச்சர் போஸ்ட்ட எடுத்துருவான். பொறவு நான் ஒருத்தன் அஞ்சு வகுப்பையும் எப்படிப் பாப்பேன்? பேரு இருக்கட்டும். வரும்போது வரட்டும்."

நான் தலையாட்டினேன். டீச்சர் போனால் அடுத்து என் வேலை. அது எனக்குத் தெரியும்.

தினம் காலையில் வாத்தியார் பெயர் கூப்பிடுவார். பிள்ளைகள் ஒவ்வொருத்தராக "உள்ளேன் அய்யா" என்பார்கள். இல்லாத அஞ்சு பேர் பெயரையும் கூப்பிட்டார். அதிகாரி எவராவது சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டால் சந்தேகம் வரக்கூடாது. பதில் இல்லாமல் ஒரு பெயர் நிற்கக்கூடாது. அதனால் பிள்ளைகளே அந்த அஞ்சு பேருக்கும் பதில் சொன்னார்கள். அதற்கு முறை வைத்துக்கொண்டார்கள்.

"ஏலே, இன்னைக்கு ஒம் மொறை. நேத்து நான் ரெண்டு பேருக்குச் சொன்னேன்."

"போலே, எனக்குத் தொண்ட கட்டியிருக்கு."

"கட்டுன தொண்டையில சொல்லு. அவளுக்கும் சளி பிடிச்சிருக்குன்னு நெனச்சுக்கிடுவாரு."

கொட்டகையில் பருப்பு கழுவிக்கொண்டிருக்கும்போது என் மகள் பெயர் கேட்கும். உடனே பதில் வரும். திங்கட்கிழமை ஒரு குரல். செவ்வாய்க்கிழமை வேறொரு குரல். சில நாள் ஆம்பளைப் பிள்ளையின் குரல். முதல் மாதம் கை நின்றுவிடும். பிறகு நிற்கவில்லை. ஆனால் ஒரு நாளும் காதில் விழாமல் போனதில்லை.

மூன்றாவது வரிசையில் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. அங்கே உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் உட்காரவும் இல்லை. சோறு போடப் போகும்போது அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போவேன்.

அரிசி நாற்பத்தோரு பேருக்கு அளந்தேன். மீந்த சோற்றைத் தூக்குச்சட்டியில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மகள் பங்கை அவள் அப்பாதான் அந்த வருஷம் முழுக்கச் சாப்பிட்டார். கால் கூடியது.

தைப்பொங்கல் முடிந்த வாரம். பங்குச் சாமியிடமிருந்து ஆள் வந்தது. வெளிநாட்டுச் சாமி ஒருவர், சபையில் பெரியவர், நாளை மறுநாள் வருகிறார், பள்ளிக்கூடங்களைப் பார்த்துப் போகிறார் என்று. பெரிய வாத்தியார் கொட்டகைக்கு வந்தார்.

"ஒரு நாளைக்குப் புள்ளையக் கூட்டியாந்துரும்மா. மத்த நாலு பேரு வீட்லயும் சொல்லியாச்சு. மறுநா கொண்டு போய் விட்டுரு."

இராஜபாளையம் போய்க் கூட்டி வந்தேன். பழைய யூனிபார்ம் முழங்காலுக்கு மேலே நின்றது. மடிப்பைப் பிரித்துக் கீழே இறக்கித் தைத்தேன். தலையில் எண்ணெய் வைத்தேன். பஞ்சு போகவில்லை. மயிருக்குள்ளே ஒட்டிக் கிடந்தது.

காலையில் அவள் போய் மூன்றாவது வரிசையில் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த இரண்டு பிள்ளைகளும் கொஞ்சம் தள்ளிக்கொண்டார்கள். பெயர் கூப்பிட்டார்கள். அவள் பெயர் வந்தபோது இரண்டு குரல் கேட்டது. ஒன்று அவளுடையது. இன்னொன்று முறைப்படி சொல்ல வேண்டிய பிள்ளையுடையது, மறந்துபோய்ச் சொல்லிவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஜீப் வந்தது. சாமி உயரமானவர். வயசானவர். வெள்ளை அங்கி முழுக்கச் செம்மண். டிரைவர் என்னிடம் தண்ணீர் கேட்டு வந்தான்.

"சாமிக்குத் தமிழ் தெரியுமா தம்பி?"

"நல்லாத் தெரியும்க்கா. நமக்குத்தான் அவரு தமிழு தெரியல. வழியில டீசல் போடணும்னேன். எரியெண்ணெய் எவ்வளவு தேவைப்படும்னு கேக்காரு. நான் வீட்ல வெளக்குக்கு ஊத்துறதான்னு கேட்டுட்டேன்."

சாமி நாற்காலியில் உட்காரவில்லை. பிள்ளைகள் நடுவே தரையில் உட்கார்ந்தார். டீச்சர் என் மகளைத்தான் வாசிக்கச் சொன்னாள். மூன்றாவது வரை அவள்தான் நன்றாக வாசிப்பவள். நாலாவது புத்தகம் ஆனியில் அவள் பெயருக்கு வந்தது. அலமாரியில் இருந்தது. அன்றைக்குத்தான் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் புத்தகம் அட்டை கிழிந்து, முனை சுருண்டு கிடந்தது. இவள் புத்தகத்தில் பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்து, அவள் அதற்கு முன் பார்க்காத பாடத்தை வாசித்தாள். நிதானமாக வாசித்தாள். ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

சாமி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறாள்" என்றார்.

டீச்சர் அலமாரியைப் பூட்டப் போனாள்.

அவள் தலையிலிருந்து ஒரு பஞ்சு இழையை எடுத்தார். "இலவ மரத்தடியில் விளையாடினாயோ?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"பெரியவள் ஆனபின் என்ன செய்வாய்?"

"இங்கனயே இருப்பேன் சாமி."

"பள்ளிக்கூடத்திலேயா?"

"ஆமா சாமி."

அதன் பிறகு சாமி ரிஜிஸ்டரைக் கேட்டார். பெரிய வாத்தியார் சந்தோஷமாக நீட்டினார். பெயர் பெயராக விரல் வைத்துக்கொண்டு வந்தார் சாமி. காலைக்கு ஒரு சாய்வுக் கோடு, மத்தியானத்துக்கு எதிர்ச் சாய்வாக ஒன்று. இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி. பக்கம் பக்கமாகப் பெருக்கல் குறி. அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. சாமி தேடியது வேறு.

"வராத பிள்ளைகள் யார்? அவர்களுக்காகத்தான் வந்திருக்கிறேன்" என்றார்.

பங்குச் சாமி விளக்கிச் சொன்னார். மதுரைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற விடுதி ஒன்று இருக்கிறது. வேலைக்குப் போவதால் படிப்பு நின்றுபோன பெண் பிள்ளைகளுக்காக நடத்துவது. பத்தாவது வரை சோறு, துணி, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பிள்ளையின் உழைப்பு இல்லாமல் வீடு கஷ்டப்பட்டால் வீட்டுக்கும் உதவுவார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.

ஓர் இடம்.

பெரிய வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் குழம்பு வாளியோடு வாசலில் நின்றேன். டீச்சர் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சாமி என் பக்கம் திரும்பினார். வாசித்த பிள்ளையின் அம்மா இவள்தான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"உங்கள் மகள் நாள்தோறும் வருகிறாளா அம்மா?"

ஒரு வார்த்தை போதும். தறிக்குப் போறா சாமி. அது நாக்கில்தான் இருந்தது. சொன்னால் ரிஜிஸ்டர் பொய். ரிஜிஸ்டர் பொய் என்றால் வாத்தியார் போவார். டீச்சர் போவாள். நானும் போவேன். வீட்டில் கால் கூடாத மனுஷன். இதையெல்லாம் அப்போதே நினைத்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"வாரா சாமி. ஒரு நாளும் தவறுனதில்ல."

சாமி தலையை ஆட்டினார். "நல்லது. அப்படியானால் இவளுக்குக் கவலை இல்லை" என்றார்.

என் மகள் மூன்றாவது வரிசையில் இருந்தபடி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவுதான்.

விடுதி இடம் ஆடு மேய்க்கிற ஒரு பிள்ளைக்குப் போனது. அவள் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டாள். ஆனாலும் வந்து போகிறவள் என்பதால் அவளுக்கு மட்டும் வாத்தியார் உள்ளபடி போட்டிருந்தார். அந்தப் பிள்ளைக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் நன்றாகப் படித்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மத்தியானம் சோறு போட்டேன். என் மகள் தட்டை நீட்டினாள். அந்த வருஷம் அவள் பங்கை அவள் சாப்பிட்டது அன்றைக்கு மட்டும்.

மறுநாள் விடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, இராஜபாளையம் பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். செத்த நேரம் கழித்துக் கேட்டாள்.

"எம்மா, நான் தெனம் வாரேனாம்ல?"

"சும்மா இரு ஏட்டி."

"நீ சொன்னியே. தெனம் வாரேன்னு."

டிக்கெட் போடக் கண்டக்டர் வந்தார். எடுத்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

ஒரு வருஷம் என்றது முடியவில்லை. அப்பாவுக்குக் கால் கூடியது, பழைய வேலைக்கு ஆகவில்லை. அவள் என் தங்கச்சி வீட்டிலேயே வளர்ந்தாள். அங்கேயே வயசுக்கு வந்தாள், அங்கேயே கட்டிக் கொடுத்தோம். பேண்டேஜ் உருட்டுவதில் அவளுக்கு இணை இல்லை என்பார்கள். ராத்திரி இருமுவாள். பஸ் போர்டை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

எனக்கு மட்டும் அந்தப் பிள்ளை போகவில்லை. தினமும் வருகிறவள். நாலாவதில் இருக்கிறவள். வளராதவள். பெயர் கூப்பிடும் நேரம் கொட்டகையில் நின்றால் கழுத்துக்குப் பின்னால் ஒரு கூச்சம் வரும். வேறு பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். வாத்தியார் அதற்கடுத்த வருஷம் அந்தப் பெயரை எடுத்துவிட்டார். ஆனாலும் வரிசையில் ஓர் இடத்தில் நான் நிற்பேன். யாராவது பிள்ளை அங்கே உட்கார்ந்திருந்தாலும் கரண்டி நின்றுவிடும்.

"ஏன் ஆயா நிக்கிய? போடுங்க" என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

அந்தச் சாமி பிறகு வரவில்லை. மலையில் சாமியார்கள் ஓய்வெடுக்கிற வீட்டில் இறந்துபோனதாகப் பங்குச் சாமி சொன்னார். அன்றைக்கு மணி அடித்துப் பிள்ளைகள் ஜெபம் செய்தார்கள். நானும் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை.

பத்துப் பதினொரு வருஷம் கழிந்தது. பெரிய வாத்தியார் ரிட்டயர்டு ஆகிற மாதம் அலமாரியை ஒழித்தார். பழைய ரிஜிஸ்டர்களைக் கட்டுக் கட்டாகக் கொட்டகைக்குக் கொண்டுவந்து போட்டார்.

"அடுப்புல போட்டுரும்மா. செல்லரிச்சுப் போச்சு."

போட்டுவிட்டு உடனே போகவில்லை.

"நான் அன்னைக்குச் சொல்லியிருக்கணும்" என்றார்.

"நான்ல சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவர் போய்விட்டார்.

அன்றைக்குச் சோறு அந்தக் காகிதத்தில்தான் வெந்தது. அந்த வருஷத்து ரிஜிஸ்டரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் போனபிறகு மூன்றாவது வரிசை இருக்கிற இடத்தில் தரையில் உட்கார்ந்து பிரித்தேன். அவள் பெயரைக் கண்டுபிடித்தேன். எனக்கு எண்ணிக்கை தவறிப்போகும். அதனால் கொட்டகையிலிருந்து புளியங்கொட்டை எடுத்து வந்தேன். ஒரு பெருக்கல் குறிக்கு ஒரு கொட்டை. ஆனியிலிருந்து சித்திரை வரை வைத்தேன். அவள் உண்மையில் வந்த நாள் எது என்று தை மாதத்தில் தேடினேன், தேதி மறந்துபோயிருந்தது. தெரியவில்லை. எல்லாக் குறியும் ஒரே மாதிரி இருந்தன.

எதுவென்று தெரியாமல் ஒரு கொட்டையை எடுத்துத் தள்ளி வைத்தேன். மீதியை எண்ணினேன்.

இருநூற்றுப் பதினாலு.