அக்கா காட்டுவதாகச் சொன்ன நெய்

இந்த நினைவு மலரின் அட்டையில் எரிமலைப் படம் இல்லை. சிவந்த குழம்பு பொங்கி வழியும் படம் ஒன்றை என் மகன் அச்சகத்துக்கு அனுப்பியிருந்தான். நான் நேரில் போய் அதை எடுக்கச் சொல்லிவிட்டேன். வாழ்நாள் முழுவதும் எரிமலைகளை ஆராய்ந்த அக்காவுக்கு ஓர் எரிமலைப் படம்கூடவா இல்லை என்று உறவினர்கள் கேட்பீர்கள். அதற்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அக்கா கீழ்பென்னாத்தூரில், வேர்க்கடலை பயிரிட்ட குடும்பத்தில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் ஐந்தாவது. பள்ளி முடித்து நிலவியல் படிக்கப் போகிறேன் என்று அக்கா சொன்னபோது அப்பா, “கல்லு ஒடைக்கறதுக்கா காலேஜு?” என்றார். “ஒடைக்க இல்லப்பா, உள்ள இன்னா இருக்குதுன்னு பாக்க” என்றார் அக்கா. சென்னையில் படித்து, அங்கேயே கல்லூரியில் பாடம் நடத்தி, தம்பி தங்கைகள் நால்வரையும் கரையேற்றினார். தான் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குச் சிரிப்புதான் பதில்.

அந்தமான் பக்கத்துத் தீவு ஒன்றில் எரிமலை கக்கிய கற்களைக் கொண்டுவந்து, காகிதத்தைவிட மெல்லியதாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. கல்லுக்குள் இருக்கும் ஒவ்வொரு படிகத்தின் விளிம்பிலும் அது பூமிக்கு அடியில் பட்ட சூடு பதிந்திருக்கும் என்பார்.

சென்ற ஆண்டு சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, செங்கம் சாலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மாத்திரைகளை நான் காலையும் மாலையும் எண்ணி வைப்பேன். “எல்லாத்தையும் எண்ணிட்டியா? என் தலமுடியையும் எண்ணிடுடா, கம்மிதான், சீக்கிரம் முடிஞ்சிடும்” என்று கேலி செய்வார்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் பிற்பகலில் அவரே பேச்சை எடுத்தார்.

“நான் போனா நீதான் மலர் போடுவ. அதுல எரிமலைக்கு அடியில நெருப்புக் குளம் இருக்குதுன்னு மட்டும் எழுதிடாத. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க.”

“குளம் இல்லன்னா வேற இன்னா இருக்குது?”

“படிகம்டா. சர்க்கரை மணி மாதிரி, ஒண்ண ஒண்ணு நெருக்கிக்கிட்டு நிக்கும். இடுக்குல மட்டும் கொஞ்சம் உருகின குழம்பு. ரொம்ப காலம் அசையாம அப்படியே கெடக்கும்.”

“கெட்டியா கெடக்கறது எப்படி மேல வரும்?”

“மணிங்க தன் பாரத்துலயே அமுங்கும்போது, இடுக்குல இருக்கறது கசிஞ்சு மேல போய்ச் சேரும். அடியிலேர்ந்து புதுசா சூடு ஏறினா மொத்தமும் பிடி தளரும். ஆனா ஜாஸ்தி எடத்துல வெளியவே வராது. உள்ளயே உறைஞ்சு போயிடும்.”

எனக்குப் பிடிபடவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “குளிர் வரட்டும். நெய் மணல் மணலா உறையும் பாரு, கரண்டியால அமுக்கினா உருகினது மட்டும் மேல வரும். அதான் இது. அப்ப காட்டறேன்” என்றார்.

வீட்டில் நெய் அப்போது தண்ணீராக இருந்தது. குளிர்வரை அக்கா இருப்பது சந்தேகம் என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்து ஏற்கெனவே சொல்லியிருந்தார். மறுநாளே ஒரு கிண்ணம் நெய்யை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அக்கா கரண்டியால் அமுக்கினார். சோப்புக் கட்டி போல வழவழவென்று இருந்தது. ஒரு மணி இல்லை, ஒரு சொட்டும் கசியவில்லை. சிரித்து, இருமி, மறுபடியும் சிரித்தார்.

“அவசரமா ஆற வெச்சா மணி வளராதுடா. கல்லுக்கும் அதுதான், நெய்க்கும் அதுதான்.”

“மெல்ல ஆற வைக்க நாள் இருக்குதா அக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

“இன்னா பேச்சு பேசறீங்க?” என்று என் மனைவி அதட்டினாள். அக்கா கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

“பரவால்லடா. தானா ஆறட்டும்.”

ஐப்பசி பிறந்து, மழை பிடிக்கும் முன்பே அக்கா போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு அடைமழை. ஒரு நாள் காலை என் மனைவி, “இங்க வந்து பாருங்க” என்று சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். தூக்குப் பாத்திரத்தில் நெய் மணல் மணலாக நின்றது. கரண்டியால் அமுக்கினேன். பள்ளத்தில் தெளிந்த நெய் மெல்ல ஊறி மேலே வந்தது. “அக்கா, வந்துடுச்சு” என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னேன். சொன்ன பிறகுதான் கட்டில் காலி என்பது நினைவுக்கு வந்தது.

ஊசி குத்த நரம்பு கிடைக்காத நாட்களிலும் பொறுமையிழக்காத செவிலியர்கள், மருத்துவமனை வாசலில் மழையிலும் வெயிலிலும் காத்திருந்த ஆட்டோக்காரர், சென்னையிலிருந்து வந்து பாடையைத் தோளில் சுமந்த பழைய மாணவர்கள், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு அனுப்பிய அண்டை வீட்டார் ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஓராண்டு நிறைவான இன்று பந்தியில் நெய்யை உருக்கி ஊற்ற மாட்டார்கள். சமையல்காரரைக் குறை சொல்ல வேண்டாம். தூக்கைத் துணியால் சுற்றி மெல்ல ஆறவிட்டது நான்தான். சோற்றில் பிசையும் முன் விரல் நுனியால் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.