அறுநூறு மீற்றர் உயரத்திலிருந்து ஒரு பெட்சீற்

விமானக் கழகத்தின் கழிவறையைப் பதினைந்து வருடங்களாக நான்தான் கழுவுகிறேன். கழிவறை மட்டுமில்லை, மேலே இருக்கிற பியர்க் கூடம், படிக்கட்டு, கூட்டம் நடத்தும் அறை எல்லாம் என் பொறுப்பு. ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற வால்டோர்ஃபிலிருந்து பேருந்தில் இருபது நிமிடம் போனால், சோள வயல்களுக்கு நடுவில் ஒரு புல்வெளியும் நாலு கொட்டகைகளும் வரும். வசதியான ஆட்கள் சனி ஞாயிறுகளில் சின்ன விமானங்களை ஏற்றி இறக்கி விளையாடுகிற இடம் அது. பதினைந்தாவது வருடம் முடிந்தபோது என்னைக் கூப்பிட்டு ஒரு பூங்கொத்தும் சொக்கிளேற் பெட்டியும் தந்தார்கள். தலைவர் கைகுலுக்கி, "உங்களுக்கு வேறு ஏதாவது ஆசை இருக்கிறதா?" என்று கேட்டார்.

அது சும்மா கேட்கிற கேள்வி. இல்லை, நன்றி என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எனக்கு அன்றைக்கு என்ன பிடித்ததோ, மூன்றாவது கொட்டகையில் நின்ற பழைய சண்டை விமானத்தைக் காட்டி, "அதில் ஒருதரம் ஏற வேண்டும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் மெல்ல மெல்ல நிறுத்தினார்கள்.

அந்த விமானத்தின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். உலகப் போர்க்காலத்து இயந்திரம், ஓட்டப் பழக்குவதற்காக அதில் பின்னால் இன்னொரு இருக்கை உண்டு. மனிதர் அதைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் சொந்தப் பிள்ளையைக்கூட அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதைக் கிளப்பும்போது வேலியோரம் ஆட்கள் கமராக்களோடு வந்து நிற்பார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பார்கள். "இது எனக்குச் சங்கீதம். சில நேரம் அழுகைகூட வந்துவிடும்" என்று அவரே ஒருமுறை சொன்னார். எனக்கும்தான் ஐயா வருகிறது என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அந்தச் சத்தம் தலைக்கு மேலே போனபோது குசினி மேசைக்குக் கீழே பூந்துவிட்டேன். சமையல்காரி எட்டிப் பார்த்தாள். முள்ளுக்கரண்டி விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்றேன்.

பல் வைத்தியருக்கு என் ஆசை பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிறுக்கு டெர்மின் போட்டு நேரம் குறித்துத் தந்தார். இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம், என் கணவரிடம், விஷயத்தைச் சொன்னேன். இவர் பெரிய கம்பனி ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல் செய்கிறார். வேலையில் நாலு பேருக்குச் சேர்த்துக் கதைப்பார், வீட்டில் எண்ணித்தான் கதைப்பார்.

"இஞ்சாருங்கோ, ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வாங்கோ. புல்லுக்கை ஒரு வெள்ளைப் பெட்சீற்றை விரிச்சுப்போட்டுப் பக்கத்திலை நில்லுங்கோ. தெரியுதோ எண்டு நான் மேலையிருந்து பாக்கிறன்."

இவருடைய கை சோற்றில் அப்படியே நின்றது. "உமக்கென்ன விசரோ?"

"ஓம், விசர்தான். முப்பது வருசமா எனக்கு இந்த விசர்தான். ஒண்டும் தெரியாது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள். தெரியாட்டி எனக்கு நிம்மதி. வாங்கோ."

இந்தப் பெட்சீற் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்போது ஊரில் சண்டை, எங்களுக்குக் கலியாணமாகி ஏழு மாதம். ஊரைவிட்டு ஓடி, இன்னொரு ஊர்த் தேவாலயத்தை ஒட்டி, மாமரங்களுக்குக் கீழே இருந்த பள்ளிக்கூட மண்டபத்தில் நூற்றைம்பது பேரோடு கிடந்தோம். பொம்பர் தினமும் வந்தது. வெள்ளைத் துணி விரித்துவிட்டால் சனம் இருக்கிற இடம் என்று மேலே இருப்பவனுக்கு விளங்கும், குண்டு போடமாட்டான் என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்ன யாரோ, எல்லோரும்தான் சொன்னார்கள். ஆனால் பெட்சீற் என்னுடையது. கலியாணத்துக்கு வந்த இரட்டைக் கட்டில் பெட்சீற், ஒருநாளும் விரிக்காதது. அதை எடுத்து என் மச்சாளிடம், இவருடைய தங்கச்சியிடம், கொடுத்து, "ஓடிப்போய் முத்தத்திலை விரிச்சுப்போட்டு வா, நாலு மூலைக்கும் கல்லு வை" என்று அனுப்பினேன். எனக்குக் கையில் கஞ்சிப் பானை. அவளுக்குப் பத்தொன்பது வயது.

மூன்று மூலைக்குக் கல் வைத்துவிட்டாள். நாலாவது கல் கையில் இருக்கும்போது பொம்பர் வந்தது. அந்த முற்றத்தில் அன்றைக்குச் செத்தது அவள் ஒருத்திதான்.

அவன் பெட்சீற்றைக் காணாமல் போட்டானா, கண்டதால்தான் போட்டானா? இந்தக் கேள்வியோடுதான் ஜெர்மனிக்கு வந்தேன், அன்மெல்டுங் என்று முகவரி பதிந்தேன், பிள்ளைகள் பெற்றேன், கழிவறை கழுவினேன். காணாமல் போட்டிருந்தால் அவள் விதி. கண்டு போட்டிருந்தால், நூற்றைம்பது பேரை மாமர நிழல் மறைத்துவைத்திருந்த இடத்தை நான்தான் அவனுக்கு விரித்துக் காட்டினேன். முதல் வருடம் இதை ஒருநாள் வாய்விட்டுச் சொல்லப் போனேன். இவர் விடவில்லை. "அவன் ஆகாயத்திலை நிண்டவன். அங்கையிருந்து ஒண்டும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு போட்டுட்டுப் போறவங்கள். அந்தக் கதையை விடும்" என்றார். ஒவ்வொரு வருடமும் அவளுடைய நினைவுப் பூசை முடிந்து வரும்போது இதையேதான் சொல்வார். நல்ல மனிதர், என்னைத் தேற்றுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஞாயிறு வந்தது. பல் வைத்தியரிடம், கணவர் கீழே துணியோடு நிற்பார் என்று சொன்னேன். "எவ்வளவு காதல்!" என்று சிரித்தார். ஓமோம், காதல். கொட்டகைகளுக்கு அப்பால், பைன் மரக்காட்டு ஓரமாக இருந்த வெறும் புல்வெளியைக் காட்டிவிட்டார். இவர் பெட்சீற்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி நடந்து போனார்.

என் முதுகில் பரசூட் கட்டினார்கள். நாலு பட்டிகளால் இருக்கையோடு என்னை இறுக்கிய இறுக்கில் மூச்சு முட்டியது. காலுக்கு நடுவில் ஒரு தடி, தொடக்கூடாதாம். உள்ளே எண்ணெயும் பழைய தோலும் மணத்தன. இயந்திரம் இருமி, நீலப் புகையைக் கக்கி, பிடித்துக்கொண்டது. மாதாவே! மேசைக்குக் கீழே பூந்து கேட்ட சத்தம் வேறு, அதன் வயிற்றுக்குள் இருந்து கேட்கிற சத்தம் வேறு. பல்லெல்லாம் கிடுகிடுத்தது. வேலியோரம் நின்றவர்கள் கை காட்டினார்கள். புல்வெளியில் தடதடவென்று ஓடி, திடீரென்று தடதடப்பு நின்றது, நிலம் கீழே போய்விட்டது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கவில்லை. நன்றாக இருந்தது. சிறகைச் சரித்துத் திரும்பியபோது உடம்பு ஈயமாகக் கனத்து, கன்னம் கீழே இழுபட்டது. நேரானதும் இறகுபோல ஆனேன். வெயிலில் ரைன் ஆறு மினுங்கியது, வீடுகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் அன்றைக்குப் பொம்பர் ஓட்டி வந்தவன் நினைவுக்கு வந்தான். அவனுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும், வேலைக்கு வந்த இடத்தில் ஒரு சந்தோசமும் சேர்த்து. நாசமாய்ப் போவான்.

"அறுநூறு மீற்றர்" என்று காதில் மாட்டியிருந்த கருவிக்குள் பல் வைத்தியரின் குரல் கேட்டது. நான் கீழே பார்த்தேன். பச்சை, மண்ணிறம், கூரைகள், ஒரு தெரு. மனிதர் என்று ஒருவரும் இல்லை. வேலியோரம் நின்ற அத்தனை பேரும் எங்கே என்று தேடினேன், காணவில்லை. கடவுளே, தெரியவில்லை, ஒன்றுமே தெரியவில்லை! முப்பது வருடத்துப் பாரம் இறங்கப்போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இவர் சொன்னது சரி, நான்தான் விசரி.

"அதோ உங்கள் கணவர்!" என்றார் அவர்.

சிறகு சரிந்தது. காட்டோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. நான் தேடாமலே கண்ணில் விழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பக்கத்தில் தும்பு மாதிரி ஓர் ஆள் நிற்பது தெரிந்தது.

"எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"வெள்ளை கண்ணைக் குத்துமே. அது இல்லாவிட்டால் அந்தப் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன். வாருங்கள், கிட்டப் போய் வணக்கம் சொல்லுவோம்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் விமானத்தின் மூக்கைக் கீழே குத்திவிட்டார். சத்தம் ஏறியது. வெள்ளைப் புள்ளி கைக்குட்டை ஆனது, பிறகு பெட்சீற்றே ஆனது. இவருடைய நீலச் சேட்டு, வழுக்கைத் தலை, எல்லாம் தெரிந்தது. அண்ணாந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று குனிந்தார். பெட்சீற்றை இரண்டு கையாலும் வாரிச் சுருட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அறுபது வயது மனிதர், மரங்களை நோக்கி விழுந்தடித்து ஓடினார். நாங்கள் மேலால் போனோம். திரும்பிப் பார்த்தேன், புல் மட்டும்தான் இருந்தது.

"எங்கே போய்விட்டார்? ஆளையே காணவில்லையே!" என்று பல் வைத்தியர் சிரித்தார். இன்னொரு சுற்றுச் சுற்றினார். நானும் கண்ணைக் கொட்டாமல் தேடினேன். இல்லவே இல்லை.

இறங்கி வந்தபோது இவர் காரடியில் நின்றார். பெட்சீற் ஒழுங்காக மடித்துக் கையில் இருந்தது. நான் வாயைத் திறக்கமுன்னரே, "ஒண்டும் தெரிஞ்சிராதே" என்றார். பின்னால் வந்த பல் வைத்தியர் இவருடைய தோளில் தட்டி, "நன்றாக ஓடுகிறீர்கள், மேலே இருந்து பார்த்து ரசித்தோம்" என்றார். இவர் முகத்தில் ரத்தம் இல்லை.

கார் தெருவில் ஏறியது. பிறகு கேட்டேன். "ஏன் ஓடினீங்கள்?"

"சத்தம்."

"சத்தத்துக்கு ஓடுறவர் பெட்சீற்றை ஏன் சுருட்டினீங்கள்?"

இரண்டு ஊர் தாண்டியது. பிறகு தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் அண்டைக்குப் பின்பக்கம் பங்கர் வெட்டிக்கொண்டு நிண்டனான். அவள் கல்லுப் பொறுக்க வந்தவள். உந்தப் பெட்சீற்றை விரிக்காதை, காட்டிக் குடுத்துடும், எடுத்துக்கொண்டு ஓடிவா எண்டு சொன்னனான். மச்சாள் சொன்னவ எண்டுபோட்டுப் போனவள்."

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒண்டும் தெரியாது, ஒண்டும் தெரியாது என்று இவர் சொன்னது ஆறுதல் இல்லை, என் வாயை அடைக்கிற வேலை. ஒருநாள், ஒரே ஒருநாள், என்னாலைதான் செத்தவள் என்று என்னைக் கத்தி அழ விட்டிருந்தால், ஓம் உன்னாலைதான் என்று இவரும் கத்தியிருப்பார். அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். அதைச் செய்யாமல், பக்கத்தில் படுத்து, நான் சமைத்ததைச் சாப்பிட்டு, ஒவ்வொரு பூசைக்கும் என்னோடு ஒரே வாங்கிலில் முழங்காலில் நின்றிருக்கிறார். குற்றமே இல்லை என்றவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? அழுதுகொண்டேதான் கேட்டேன்.

"இவ்வளவு காலமும் உங்களுக்கு என்னிலை கோவமோ?"

இவர் வேகத்தைக் குறைத்து, பின்னால் வந்த லொறியைப் போகவிட்டு, "ஓம்" என்றார்.