ஃபேனி கேட்ட மன்னிப்பு

ரொசாரியோ நகரத்தில் ஃபேனி கொரன்பிளிட் எழுதாத கடைப் பலகை குறைவு. கசாப்புக் கடை, மெத்தைக் கடை, சவப்பெட்டிக் கடை என்று முப்பத்தைந்து வருடம் சாரத்தில் நின்று எழுதியவள். ஆனால் ஜெபப் புத்தகத்தின் எபிரேய எழுத்து மட்டும் ஐம்பத்தாறு வயதுவரை அவளுக்கு ஓடவில்லை. தையல்காரரான அப்பா மகனைப் படிக்க அனுப்பினார், மகள் கையில் தூரிகையைக் கொடுத்தார். யூத ஜெபக்கூடத்தில் அவள் பின்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர்கள் பக்கம் புரட்டும்போது தானும் புரட்டுவாள்.

இளம் குருவான ரபி தமியான் வந்த வருடம், வியாழக்கிழமை வேத வகுப்புக்கு மூன்றே பிள்ளைகள். "தோன்யா ஃபேனி, வகுப்பறைச் சுவர் ஒண்ணு சும்மா கிடக்கு. ஏதாவது செய்யுங்களேன்" என்று 'தோன்யா' போட்டு மரியாதையாகக் கேட்டார் அவர். ஃபேனி ஒரு விதி வைத்தாள். படிக்காததை வரையக் கூடாது. பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு வரியைப் படித்து, சண்டை போட்டு, முடிவுக்கு வந்த பிறகுதான் அந்த வரிக்குச் சுவரில் இடம்.

பெரிய நோன்பன்று பிற்பகலில் வாசிக்கும் கதையை எடுத்துக்கொண்டார்கள். மீன் விழுங்கித் துப்பிய ஒரு தீர்க்கதரிசி வந்து எச்சரித்ததும், ராஜாவிலிருந்து மாடுவரைக்கும் சாக்கு உடுத்திக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்ட நகரத்தின் கதை அது.

"மாடு என்ன தப்பு பண்ணிச்சு மோரா? அதுக்கு எதுக்குச் சாக்கு?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

மோரா என்றால் டீச்சரம்மா. அந்த டீச்சரம்மா கேள்வியை ரபியிடம் கொண்டுபோனாள். ரபி பழைய உரைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த ஒரு கேள்விக்கு மூன்று வியாழன் போயிற்று. கடைசியில் மாடு சுவரில் ஏறியபோது வகுப்பில் பதினெட்டுப் பேர். கூட்டிப்போக வந்த தாய்மார்களும் மத்தே பானத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்து கேட்டார்கள். அந்த வருட நோன்பில் ஃபேனி முதல்முறையாக யாரையும் பார்க்காமல் பக்கம் புரட்டினாள்.

அங்கே கோடையான ஜனவரியில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த மூன்று வாரத்தில், ஜெபக்கூடத் தலைவர் நத்தாலியோ ஃபைன்போய்ம் சுவரைச் சுரண்டிவிட்டார். தன் கடையிலிருந்தே டைல்ஸ் கொண்டுவந்து ஒட்டினார். நடுவில் தன் அப்பா பெயர் பொறித்த பித்தளைத் தகடு. திரும்பி வந்த ஃபேனி சுவரைத் தொட்டுப் பார்த்தாள். குளியலறை மாதிரி குளிர்ந்திருந்தது.

"ஈரம் அடிச்சுதும்மா. அதோட, படம் பார்த்துப் படிக்கிறது சின்னப் பிள்ளைங்க வேலை" என்றார் நத்தாலியோ.

ஃபேனி வீட்டுக்கு வந்து எட்டு மாதம் அந்தக் கோபத்தை அணையாமல் பார்த்துக்கொண்டாள். வகுப்பு மறுபடி மூன்று பேருக்கு வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் வகுப்புக்கு வராமல் நின்றபோதும் உள்ளே ஒரு விறகு கூடியது. அந்த மனிதரைக் குனிய வைக்க வேண்டும், அந்தச் சுவர் திரும்ப வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

வாய்ப்பு செப்டம்பரில் வந்தது. யூதப் புத்தாண்டுக்கும் பெரிய நோன்புக்கும் நடுவே பத்து நாள், ஒருவர் இன்னொருவரிடம் மன்னிப்புக் கேட்கும் காலம். முற்றத்தில் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்த நத்தாலியோ இவளிடமும் கையை நீட்டினார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது செஞ்சிருந்தா மன்னிச்சுக்கங்க."

"எதுக்குன்னு சொல்லுங்க."

"அதான்... அந்தச் சுவரு."

"சுவர்ல என்ன இருந்துச்சு?"

அவர் யோசித்தார். "மீன் ஒண்ணு இருந்துச்சு, இல்ல?"

"எதை அழிச்சோம்னே தெரியாம மன்னிப்பா? முடியாது, போங்க."

முற்றம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்று ஃபேனிக்குச் சாப்பாடு ருசித்தது.

இரண்டாம் முறை அவர் தேன் கேக்கும் ரபியும் இரண்டு பெரியவர்களுமாக அவளுடைய பட்டறைக்கு வந்தார். பிள்ளைகளைக் கேட்டு எழுதிய சீட்டை மூக்குக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்து வாசித்தார். "சாக்கு கட்டின மாடு. சாம்பல்ல உக்காந்த ராஜா. கோவமா ஒரு ஆளு, பக்கத்துல வாடின செடி..."

"நல்லாப் படிச்சிட்டு வந்திருக்கீங்க" என்றாள் ஃபேனி. "கேக்கை எடுத்துக்கிட்டுப் போங்க."

வாசலில் ரபி தயங்கி நின்றார். "தோன்யா ஃபேனி, இன்னும் ஒரு தடவைதான். மூணு பேர் முன்னாடி மூணாவது தடவையும் நீங்க மாட்டேன்னுட்டா அவர் விடுபட்டுடுவார். பாரம் உங்க தலையில."

"இது என்ன நியாயம் ரபி?"

"கேக்குறவனை ஆயுசுக்கும் அலைய விடக் கூடாதுன்னு வச்ச நியாயம்."

அதனால் அவள் பிடிகொடுக்காமல் திரிந்தாள். நோன்புக்கு இரண்டு நாள் முன்பு, சான் லூயிஸ் தெருவில் மெத்தைக் கடைப் பலகைக்குத் தங்க வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது சாரத்துக்குக் கீழே நத்தாலியோவின் குரல் கேட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பின்னால் மூன்று சாட்சிகள்.

"இறங்கி வாங்க ஃபேனி!"

"காது இங்கேயும் கேக்கும்!"

"மூணாவது தடவை கேக்குறேன். மன்னிப்பீங்களா, மாட்டீங்களா?"

பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. பல் டாக்டர் அறையில் கடைசி நிமிடத்தை எண்ணுகிறவரின் முகம். எந்தப் பதில் வந்தாலும் அவருக்கு வேலை முடிந்தது.

"அந்த டைல்ஸை எடுப்பீங்களா?"

"அது எங்கப்பா பேர்ல வச்சது. எடுக்க முடியாது."

"அப்ப மாட்டேன்!"

நத்தாலியோ தொப்பியை மாட்டிக்கொண்டார். "சாட்சி இருக்கு. இனி உங்க பாடு" என்று சொல்லிவிட்டு வெயிலில் லேசாக நடந்து போனார். அந்த நடை ஃபேனியைச் சுட்டது. அத்தனை மாதம் காத்த கோபம், அவருக்கே விடுதலைச் சீட்டாகிவிட்டதே! பிடிவாதம் பிடித்தது தப்போ என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் வேறொன்று தோன்றியது. சட்டம் அவருக்கு மட்டுமா?

நோன்புக்கு முந்தைய நாள் காலை எட்டு மணிக்கு உளியும் சுத்தியலுமாக வகுப்பறைக்குப் போனாள். முதலில் பித்தளைத் தகட்டின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தகட்டைத் துணியில் சுற்றி வைத்தாள். பிறகு டைல்ஸ். பதினோரு மணிக்குச் சுவர் வெறும் சிமெண்டாக நின்றது. முகத்தில் அப்பிய தூசியைக்கூடத் துடைக்காமல், பிள்ளைகளின் தாய்மார்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு நேரே டைல்ஸ் கடைக்கு நடந்தாள்.

"நத்தாலியோ, என்னை மன்னிச்சுடுங்க."

அவர் வாடிக்கையாளரை விட்டுவிட்டு எழுந்தார். "எதுக்கு?"

"உங்க சுவர் டைல்ஸை உடைச்சதுக்கு. வெளிர் மஞ்சள், நீல ஓரம், இடது மூலையில ஒண்ணு கோணலா ஒட்டியிருந்துச்சு. நான் பார்த்துட்டுத்தான் உடைச்சேன்." துணியைப் பிரித்துத் தகட்டை மேஜைமேல் வைத்தாள். "உங்கப்பா மேல எனக்குக் கோவமில்ல."

"பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?"

"இது முதல் தடவை. நோன்பு தொடங்குற சாயங்காலத்துக்குள்ள இன்னும் ரெண்டு தடவை வருவேன். மூணு தடவையும் மாட்டேன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

வாடிக்கையாளர் சிரிப்பை அடக்க முடியாமல் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். நத்தாலியோ தகட்டைப் பார்த்தார், மூன்று தாய்மார்களைப் பார்த்தார். கழுத்து சிவந்து போயிற்று.

"மன்னிச்சேன். போங்க."

"சுவரு?"

"அதையும் எடுத்துக்கிட்டுத் தொலைங்க!"

"நான் உங்களை இன்னும் மன்னிக்கல" என்றாள் ஃபேனி.

வெளியே வந்ததும் தாய்மார்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். வியாழக்கிழமைக்கு எத்தனை பிள்ளைகள் வரும் என்று அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஃபேனி தலையாட்டினாள். மனிதர் இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்ததில், கேட்காமல் மிச்சமான அந்த இரண்டு தடவைகள்தான் அவளுக்கு ஏமாற்றமாக இருந்தன.